சுண்ணாம்பு அடித்தால் பூஞ்சணம் போகாது



இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் நம் சங்கத்துக்கு வருகிற கடிதங்களில், கூலிக்கும் போனஸுக்கும் அடுத்தபடியாக ஒரு சங்கதி தவறாமல் இருக்கும். பாலக்காட்டுப் பக்கத்து மாந்தோப்புகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வேலைக்கு வருகிறவர்கள் ரயில்வே ஸ்டேஷனைப் பற்றி எழுதுவார்கள். இடுக்கியின் ஏலக்காட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டைப் பற்றி எழுதுவார்கள். ஊர் வேறு, வண்டி வேறு, முறையீடு ஒன்றுதான். காத்திருக்கும் கொட்டகை ஒழுகுகிறது. சுவர் ஊறிப்போய்க் கறுப்பும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் சேலை ஈரமாகிறது. கக்கூஸ் பூட்டிக் கிடக்கிறது. திறந்து கிடந்தாலோ உள்ளே கால் வைக்க முடியவில்லை. குழந்தை இருமுகிறது.

தலையங்கம் எழுதுமளவுக்கு இது பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். கூலி உயர்வு, லயத்து வீடு, ரேஷன் கார்டு, பென்ஷன் என்று தலைபோகிற காரியங்கள் இருக்கையில், சுவரில் பூக்கும் பூஞ்சணத்தைப் பற்றிப் பேசுவதா என்று நம் செயற்குழுவிலேயே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குப் பதிலாகத்தான் இம்மாதத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒரு ஒப்புதல்

இதை எழுதுகிறவன் பத்தாவது படித்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களோ நம் ஜனங்கள். ஆகவே இரண்டு பக்கத்து நியாயமும் தெரியும். இரண்டு பக்கத்துப் பொய்யும் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் எல்லையோரத்துச் சிறு ஸ்டேஷன் ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே பிரயாணிகள் உட்காரும் ஹாலின் மேற்குச் சுவர் ஆடி மாதம் வந்தால் கறுக்கும். ஆவணியில் அந்தக் கறுப்பு ஆள் உயரத்துக்கு ஏறிவிடும். ராத்திரி வண்டியில் வந்து இறங்கும் குடும்பங்கள், விடியற்காலை பஸ் வருகிற வரையில் அந்த ஹாலில்தான் பாய் விரித்துப் படுப்பார்கள். மூட்டை, முடிச்சு, கைக்குழந்தை எல்லாம் அந்தச் சுவரோரம்தான்.

மேலதிகாரி இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார் என்று மெமோ வரும். உடனே கான்ட்ராக்டரின் ஆட்கள் வருவார்கள். கம்பி பிரஷால் சுவரைத் தேய்ப்பார்கள். காய்வதற்குக்கூட நேரம் விடாமல் வெள்ளையடிப்பார்கள். மூலையில் இன்னும் கறை தெரிந்தால் அங்கே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, மேலே ஒரு நோட்டீஸ் போர்டை மாட்டுவார்கள். அதிகாரி வருவார், பார்ப்பார், போவார். ரிஜிஸ்டரில் "கட்டடம் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுத வேண்டும். எழுதியவன் நான். கையெழுத்துப் போட்டவனும் நான். புகார்ப் புத்தகம் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அது என் மேஜை டிராயரில் இருந்தது. டிராயரின் சாவி என் பையில் இருந்தது. கேட்டவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சொன்னதுண்டு. மலையேறிக் கூலிக்குப் போகிறவர்கள் மறுநாள் எப்படி வருவார்கள்?

இரண்டு மாதத்தில் அந்தச் சுவர் மறுபடியும் கறுக்கும். அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு மறுபடியும் வெள்ளை. இப்படியே மூன்று வருஷம் போயிற்று. ஒருநாள் ராத்திரி ஒரு தாய் தன் பெண் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு இழுப்பு. படுக்க வைத்தால் மூச்சு முட்டுகிறது. "ஐயா, இந்தச் செவுத்து நாத்தம் ஆகல போலிருக்கு, வெளியில உக்காரலாம்னா மழை. உங்க ரூம்ல கொஞ்சம் இடம் குடுங்க" என்று கேட்டாள். கொடுத்தேன். ஆனால் முந்தின மாதம்தான் அந்தச் சுவருக்கு நான் நற்சான்று எழுதியிருந்தேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வயதான கேங்மேன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. ஏணியை எடுத்து நேராகக் கூரைக்கு ஏறினார். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் ஒரு அரசங்கன்று முளைத்து, இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. குழாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் முழுவதும் மூன்று வருஷமாகச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கன்றை வேரோடு பிடுங்கிக் குழாயைக் குத்திவிட அரைமணி நேரம் ஆயிற்று. செலவு ஒரு டீ. அந்த வெயில் காலத்தில் சுவர் நன்றாகக் காய்ந்தது. அடுத்த ஆடியில் அந்தச் சுவர் கறுக்கவில்லை.

தோழர்களே, இந்தத் தலையங்கம் சொல்ல வந்தது இவ்வளவுதான். பூஞ்சணம் சுவரின் நோய் போலத் தெரிந்தாலும், நோய் இருப்பது தண்ணீர் போகும் வழியில். அந்த வழியைப் பார்க்க ஓர் ஆள் இல்லாதபோது சுவருக்கு எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் அது ஏமாற்று.

பூஞ்சணம் என்பது என்ன?

மலையாளத்தில் பூப்பல் என்கிறார்கள். நம் வீடுகளில் ஊறுகாயிலும் பழைய செருப்பிலும் பூக்கிறதே, அதே இனம்தான். அதன் வித்து கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் எங்கும் இருக்கிறது. அதை ஒழிக்க யாராலும் முடியாது. அந்த வித்து முளைக்க வேண்டுமானால் ஈரம் வேண்டும். மரம், காகிதம், துணி, பெயின்ட், சுவரில் படிந்த தூசி எதுவும் அதற்கு ஆகாரம். நனைந்த பொருளை ஒரு நாள், இரண்டு நாளைக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூக்காது. காயவிடாமல் வைத்திருந்தால் நிச்சயம் பூக்கும். பூத்த சுவரின்மேல் பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாளில் பெயின்ட் உரிந்து விழும். உள்ளே இருந்தது வெளியே வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் கட்டடங்களின் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்றும், ஈரத்தைத் தடுப்பதே இதற்கு முதல் வழி என்றும் அது சொல்கிறது. நுரையீரல் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு, குறிப்பாகக் காசநோய் வந்து போனவர்களுக்கு, ஆபத்து அதிகம். பஞ்சுமில்லிலும் சூளையிலும் மருந்தடிக்கும் தோட்டத்திலும் உழைத்த நெஞ்சுகள் நம்மிடையே எத்தனை என்று நமக்கே தெரியும்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். பத்து நிமிஷம் காத்திருந்து வண்டியேறிப் போகிறவருக்கு ஸ்டேஷன் சுவரால் பெரிய கெடுதல் வந்துவிடாது. யார் நெடுநேரம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். டிக்கெட் குமாஸ்தா, போர்ட்டர், டீக்கடைக்காரர், கான்ட்ராக்டில் பெருக்கும் பெண்கள், அப்புறம் விடிகிறவரை படுத்திருக்கும் கூலிக் குடும்பங்கள். காரில் வந்து இறங்குகிறவர் இந்த ஹாலுக்குள் வருவதே இல்லை. ஆகையால் இந்த ஈரம் ஏழையின் நெஞ்சைத் தேடித்தான் போகிறது.

மழையைக் குற்றம் சொல்லலாமா?

கேட்டால் அதிகாரிகள் சொல்வது: "இது மழை பெய்யும் ஊர். என்ன செய்வது?"

இதற்கு மூணாறே பதில் சொல்லும். இடுக்கி மாவட்டத்தில் இன்று ரயில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. தேயிலையை இறக்குவதற்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-இல் அது நீராவி எஞ்சின் ஓடும் சிறிய ரயில்பாதையாயிற்று. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து கயிற்றுப் பாதையில் போடிப் பக்கத்து மலையடிவாரத்துக்குத் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. 1924-இல் வந்த பெருவெள்ளம், மலையாளத்தார் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்வது, தண்டவாளத்தையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போயிற்று. ரயில் திரும்பி வரவே இல்லை. ஆனால் மூணாறு ஸ்டேஷன் கட்டடம் பிற்பாடு தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. அதே மழை, அதே குளிர். நூறு வருஷமாகக் கட்டடம் நிற்கிறது. காரணம், உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் துரைகளும் மானேஜர்களும். கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால் அன்றைக்கே மாற்ற ஆள் இருந்தது.

பஸ்ஸுக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2020 நவம்பரில் கேரள சர்க்கார் போக்குவரத்துக் கழகம், ஓடி ஓய்ந்த பழைய பஸ்களுக்குள் படுக்கை அமைத்து மூணாறு டிப்போவில் நிறுத்தியது. சுற்றுலாப் பயணிகள் நூறு ரூபாய்க்கு இரவு தங்கலாம் என்றார்கள். நல்ல யோசனை, நாம் பொறாமைப்படவில்லை. கழித்துப்போட்ட பஸ்ஸை மூணாற்றுக் குளிரில் ஒழுகாமல், நாறாமல், மனிதர் படுக்கும்படி வைத்திருக்க முடிகிறது. அதே மலையில் தொழிலாளி நிற்கும் கொட்டகையை ஒழுகாமல் வைத்திருக்க முடியாதா? முடியும். மனம் வேண்டும், ஆள் வேண்டும்.

பாதை திறந்தது, ஸ்டேஷன் திறந்ததா?

இனிப் பாலக்காட்டுப் பக்கம் வருவோம். பாலக்காடு – பொள்ளாச்சி ரயில்பாதை 1932-இல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டியே போகும் பாதை. பழனி, திண்டுக்கல், மதுரை, ராமேஸ்வரம் பக்கத்து ஜனங்கள் வேலைக்கு வந்ததும் திருவிழாவுக்கு ஊர் திரும்பியதும் இந்தப் பாதையில்தான். அகலப் பாதையாக்குவதற்காக 2008-இல் மூடினார்கள். மறுபடியும் திறந்தது 2015-இல். இடையிலே ஏழு மழைக்காலம்.

இடுக்கிக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் இதே கதை. 1928-இல் வந்த பாதை. யுத்த காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மூடினார்கள். தேனி வரை 2022-இலும், போடி வரை 2023 ஜூனிலும் வண்டி வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஏலக்காட்டுக் கூலிகளுக்கு ரயில் என்பதே இல்லை. விடியுமுன் எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் ஏறினார்கள். இன்றும் ஏறுகிறார்கள்.

ரயில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கட்டடத்தைக் காப்பாற்றுவது சிமென்ட் மட்டுமல்ல, புழக்கமும்தான். வண்டி நிற்கும் ஸ்டேஷனில் விளக்கு எரியும், ஜன்னல் திறக்கும், காற்று வரும், ஒழுகினால் யாராவது சத்தம் போடுவார்கள். வண்டி நிற்காத ஸ்டேஷனில் ஜன்னல் மூடியே கிடக்கும். உள்ளே வந்த ஈரம் உள்ளேயே தங்கும். பாதை புதிதாயிற்று, பழைய மீட்டர் கேஜ் நாளில் சிறு ஸ்டேஷன்தோறும் நின்ற பாசஞ்சர் வண்டிகள் எல்லாம் திரும்பி வரவில்லை. எக்ஸ்பிரஸ்கள் பெரிய ஊர்களில் மட்டும் நின்று போகின்றன.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2017-இல் ரயில்வே போர்டு ஸ்டேஷன்களை வருமானத்தையும் பிரயாணிகள் எண்ணிக்கையையும் பார்த்து வகை பிரித்தது. எந்த வகைக்கு எத்தனை குடிநீர்க் குழாய், எத்தனை இருக்கை, எத்தனை கக்கூஸ், எவ்வளவு நிழற்கூரை என்று கணக்கு இருக்கிறது. கடைசி வகையான ஹால்ட்டுக்குக்கூடக் குறைந்தபட்ச வசதிகள் எழுத்தில் உண்டு. ஆனால் வண்டி நிற்காவிட்டால் டிக்கெட் விற்காது. டிக்கெட் விற்காவிட்டால் வருமானம் இல்லை. வருமானம் இல்லாவிட்டால் வகை தாழும். வகை தாழ்ந்தால் மராமத்துக்குப் பணம் குறையும். கொட்டகை ஒழுகும், இருக்கிற நாலு பிரயாணியும் பஸ்ஸுக்குப் போவார்கள். பிறகு "பார்த்தீர்களா, ஜனங்களே வருவதில்லை" என்று ஃபைலில் எழுதுவார்கள். பட்டினி போட்டுவிட்டு மெலிந்துவிட்டான் என்று குற்றம் சொல்கிற கணக்கு இது.

பெரிய ஸ்டேஷன்களுக்குப் பணம் வராமல் இல்லை. அமிர்த பாரத் திட்டத்தில் சுமார் 1,300 ஸ்டேஷன்களைப் புதுப்பிப்பதாகச் சொன்னார்கள். 2023 ஆகஸ்ட் 6-ஆம் தேதி முதல் தவணையாக 508 ஸ்டேஷன்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாலக்காடு டிவிஷனின் ஷொரணூரும் அதில் ஒன்று. செய்யட்டும். நாட்டில் ஏழாயிரத்துக்கு மேல் ஸ்டேஷன்கள் இருக்கின்றன. மற்ற ஸ்டேஷன்களில் ஏறி இறங்குகிறவர்களும் அதே ரூபாய் நோட்டைத்தான் ஜன்னலில் நீட்டுகிறார்கள்.

கூரைக்கு ஏறுகிறவர் யார்?

புதிதாகக் கட்டினால் மட்டும் போதுமா? சென்னையைப் பாருங்கள். பறக்கும் ரயிலுக்காகப் பல கோடி செலவில் மாளிகை போன்ற ஸ்டேஷன்களைக் கட்டினார்கள். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997-இல் மயிலாப்பூர் வரை, 2007-இல் வேளச்சேரி வரை திறந்தார்கள். மாடி மாடியாக இடம். ஆனால் அந்த ஸ்டேஷன்களில் ஆளில்லாத தளங்கள், எரியாத விளக்குகள், ஒழுகும் கூரை, ஊறிய சுவர் என்று வருஷக்கணக்காகப் பத்திரிகைகளில் புகார் வந்துகொண்டிருந்தது. தலைநகரத்தில், கோடிக்கணக்கில் செலவான கட்டடத்துக்கே இந்தக் கதி. கட்டுவதற்குப் பணம் ஒதுக்கிறார்கள். காப்பதற்கு ஆள் ஒதுக்குவதில்லை.

முன்பெல்லாம் சிறு ஸ்டேஷனிலும் பெருக்குகிறவர், தண்ணீர் ஊற்றுகிறவர், போர்ட்டர் என்று நிரந்தர ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் அந்தக் கட்டடத்தோடேயே வாழ்ந்தவர்கள். எந்த மூலை ஒழுகும், எந்தக் குழாய் அடைக்கும் என்று மனப்பாடமாகத் தெரியும். அந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கான்ட்ராக்டுக்குப் போயின. கான்ட்ராக்டில் எழுதியிருப்பது பிளாட்பாரத்தைப் பெருக்குவது. கூரைக்கு ஏறுவது அதில் இருக்காது. ஒழுகலை ஸ்டேஷன் மாஸ்டர் எழுதினால் அது எஞ்சினியரிங் இலாகாவுக்குப் போகும். அங்கே எஸ்டிமேட், அப்புறம் சாங்ஷன், அப்புறம் டெண்டர். இதற்குள் இரண்டு மழை பெய்துவிடும். வெள்ளையடிக்கத் தலைப்பு இருக்கிறது, பணமும் இருக்கிறது. அரசங்கன்றைப் பிடுங்கத் தலைப்பு இல்லை.

பஸ் ஸ்டாண்டிலும் இதே பந்தாட்டம்தான். இடம் பஞ்சாயத்துடையது என்பார் ஒருவர். கொட்டகை எம்.எல்.ஏ. நிதியில் கட்டியது என்பார் இன்னொருவர். கட்டியபோது கல்வெட்டில் பெயர் வைக்கப் பத்துப் பேர் வந்தார்கள். ஒழுகும்போது கேட்க ஒருவரும் இல்லை.

"நீங்கள்தான் அசுத்தம் செய்கிறீர்கள்"

புகார் கொடுக்கப் போனவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் இது. பாண்டிக்காரர்கள் வந்து படுத்துத் துப்பி நாறடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் அதோடு ஃபைல் மூடிவிடும்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். சூடான் நாட்டிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் வாடகைக் குடியிருப்பில் இருந்தது. சுவரில் பூஞ்சணம் என்று தகப்பன் 2017-இல் முறையிட்டார். அதன்மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுபடி மறுபடி முறையிட்டார். இவர்கள் வாழ்கிற முறையால்தான் ஈரம் என்று வீட்டு நிர்வாகம் தானாகவே முடிவு கட்டியது. அந்த வீட்டுக் குழந்தை அவாப் இஷாக், இரண்டு வயது நிரம்பிய சில நாட்களில், 2020 டிசம்பரில் இறந்துபோனான். நெடுநாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். நாடே கொதித்தது. 2023-இல் அந்தக் குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அவசர ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சணமும் என்றால் பத்து வேலை நாளுக்குள் சோதித்தாக வேண்டும்.

அது வீடு, இது ஸ்டேஷன். வித்தியாசம் தெரியும். ஆனால் "பெயின்ட் அடி" என்ற வார்த்தையும், "வந்தேறிகளின் பழக்கம்" என்ற வார்த்தையும் இங்கே கேட்டவை போலவே இல்லையா? சட்டம் வர ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது. நமக்கும் அப்படி ஒரு விலை வேண்டுமா?

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. வெற்றிலை எச்சிலைச் சுவரில் துப்புகிறோம். சோற்றுப் பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டு அடைக்கிறோம். நனைந்த துணியை ஹாலுக்குள்ளேயே கொடி கட்டிப் போடுகிறோம். இதை நாம் நிறுத்த வேண்டும். நம் சங்கத் தோழர்கள் நேரிலே சொல்ல வேண்டும். நம் கை சுத்தமாக இருந்தால்தான் அடுத்தவர் முகத்துக்கு நேராக விரலை நீட்ட முடியும். ஆனால் எச்சில் கூரையிலிருந்து ஒழுகாது. ஒழுகுவது அவர்கள் கடமை தவறியது.

செய்ய வேண்டியது என்ன?

தமிழில் மனு எழுதினால் வாங்க மாட்டார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்திய, மாநில சர்க்காரின் எந்த அதிகாரிக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. கேரளத்தின் 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டமும், தமிழ் பேசும் சிறுபான்மையினர் தம் மொழியில் மாநில சர்க்காரோடு எழுத்துத் தொடர்பு கொள்ளலாம் என்று உரிமை தந்திருக்கிறது. தமிழில் எழுதுங்கள். பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

ரயில்வே ஸ்டேஷன் என்றால் புகார்ப் புத்தகம் கேளுங்கள். குமாஸ்தா "நாளைக்கு வா" என்றால், இந்தத் தலையங்கத்தைக் காட்டுங்கள். 139 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுத்தால் சுவரை மட்டும் எடுக்காதீர்கள். கூரையையும் குழாயையும் சேர்த்து எடுங்கள். மழை பெய்யும்போது தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்பதுதான் சாட்சி.

பஸ் ஸ்டாண்டு, காத்திருப்புக் கொட்டகை என்றால் கிராம சபைக்குப் போங்கள். கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். பிரயாணிகள் கொட்டகையும் பொதுக் கழிப்பிடமும் பஞ்சாயத்தின் கடமைகள். வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர்கள் எழுந்து நின்று கேட்கலாம். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் பத்து ரூபாய்க்கு ஒரு நல்ல ஆயுதம். இரண்டே கேள்வி போதும். கடந்த மூன்று வருஷத்தில் இந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க எவ்வளவு செலவாயிற்று? கூரையும் மழைநீர்க் குழாயும் கடைசியாக எந்தத் தேதியில் சுத்தம் செய்யப்பட்டன? முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும். இந்த மனுவை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியிருக்கும். மலையாளத் தோழர்களைக் கேளுங்கள், எழுதித் தருவார்கள். அதே கொட்டகையில் அவர்களும்தானே நனைகிறார்கள்!

நம் கோரிக்கைகள் இவை:

1. இடவப்பாதிக்கு முன் ஒருமுறை, துலாமழைக்கு முன் ஒருமுறை, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் கூரையையும் மழைநீர்க் குழாயையும் சுத்தம் செய்து, தேதியைச் சுவரில் எழுத வேண்டும்.

2. ஒழுகலை அடைத்துச் சுவர் காய்ந்த பிறகே வெள்ளையடிக்க வேண்டும். ஈரச் சுவருக்கு வெள்ளையடிக்கும் பில்லை அனுமதிக்கக் கூடாது.

3. சிறு மராமத்துக்கு அந்தந்த ஸ்டேஷனிலேயே செலவு செய்யும் அதிகாரமும், நிரந்தரமாக ஓர் ஆளும் வேண்டும்.

4. எல்லையோரச் சிறு ஸ்டேஷன்களில் வேலைக்குப் போகும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும் வண்டிகள் நிற்க வேண்டும். ஹாலும் கழிப்பிடமும் அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும்.

5. பெருக்கும், கழுவும் கான்ட்ராக்ட் தொழிலாளருக்கு முழுக்கூலியும், கையுறையும், முகமூடியும் தர வேண்டும். சுவரைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் முதலில் போவது அவர்கள் நெஞ்சுக்குத்தான்.

இதில் ஒன்றுகூட ஆகாயத்தை வில்லாய் வளைக்கிற கோரிக்கை அல்ல. ஏணி ஒன்று, ஆள் ஒருவர், அரைமணி நேரம்.

செயற்குழுவில் கேள்வி கேட்ட தோழருக்கு இப்போது பதில் சொல்கிறோம். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தெருவில் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை என்று உலகமே பேசியதே, அவர்கள் கேட்டது குறைக்கப்பட்ட போனஸை மட்டுமல்ல. ஒழுகும் லயத்தையும் சேர்த்துத்தான் பேசினார்கள். கூலியைக் குறைக்கிற கையும் கூரையைக் கவனிக்காத கையும் ஒன்றே என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே எண்ணம்: இவர்கள் வந்து போகிறவர்கள், இவர்களுக்கு இது போதும். இந்தப் "போதும்" என்ற வார்த்தையை நாம் ஸ்டேஷன் சுவரில் ஒத்துக்கொண்டால், நாளைக்குச் சம்பளச் சீட்டிலும் ஒத்துக்கொள்ள வேண்டிவரும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள ஒரு ஸ்டேஷனுக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அண்ணாந்து பாருங்கள். அரசங்கன்று எங்கே முளைத்திருக்கிறது என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பெயர் போட்டு வெளியிடுவோம்.

என் டிராயரில் இருந்த புகார்ப் புத்தகம் இப்போது ஜன்னல் ஓரத்தில், எல்லோர் கைக்கும் எட்டும்படி இருக்கிறது. அதில் முதல் புகாரை எழுதியவனும் நானே.